கள்வர் கைப்பட்டவனுக்கு யார் செலவு செய்வது?



ஜெருசலேமிலிருந்து எரிக்கோவுக்கு இறங்கிப் போன ஒருவன் கள்வர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்த வரலாற்றை அர்ச். லூக்காஸ் தமது சுவிசேஷத்தின் 10-ம் அதிகாரத்தில் எழுதி வைத்திருக்கிறார். குருவும் லேவித்தனும் விலகிப் போனதையும், சமாரித்தன் மனம் இரங்கியதையும் நாம் சிறு வயது முதல் கேட்டிருக்கிறோம். ஆனால் அவ்வுவமையின் கடைசிப் பகுதியை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. காயத்தைக் கட்டியதோடு காரியம் முடிந்துவிடவில்லை. சத்திரத்துச் செலவு இருந்தது. சமாரித்தன் இரண்டு வெள்ளிப் பணம் கொடுத்தான். அது அக்காலத்தில் ஒரு கூலியாளின் இரண்டு நாள் கூலி. அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தீர்ப்பதாகவும் சொல்லிப் போனான். குற்றம் செய்தவர்கள் கள்வர். பணம் கொடுத்தவனோ அக்குற்றத்தில் ஒரு பங்குமில்லாதவன்.

இதே கேள்வி இன்று அரசாங்கங்களின் முன் நிற்கிறது. ஒருவன் செய்த அக்கிரமத்தால் காயப்பட்டவனுக்கு, அக்கிரமத்தில் பங்கில்லாத பொதுமக்களின் வரிப்பணத்திலிருந்து கொடுக்கலாமா? கொடுக்கலாமென்றால் யார் யாருக்கு? அந்தப் பட்டியலை விரித்துக்கொண்டே போனால் கஜானா தாங்குமா? இது சட்டசபையார் மட்டும் யோசிக்கவேண்டிய விஷயமன்று. வரி கொடுக்கிறவர்கள் நாம். நாளை காயப்படக் கூடியவர்களும் நாமே.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்வோம். நியூசிலாந்து தேசம் 1963-ம் ஆண்டில் இதற்கென்று ஒரு சட்டம் செய்தது. இங்கிலாந்து 1964-ம் ஆண்டில் ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. நம் இந்தியாவில் நெடுங்காலமாகக் குற்றவாளியிடமிருந்து பெறும் அபராதத்திலிருந்தும், அவன் கொடுக்கும் தொகையிலிருந்துமே ஈடு கிடைக்க வழி இருந்தது. 2009-ம் ஆண்டு முடிவில் அமலுக்கு வந்த 357-ஏ பிரிவுதான் ஒவ்வொரு மாநிலமும் இழப்பீட்டுத் திட்டம் வகுத்துப் பணம் ஒதுக்க வேண்டுமென்று விதித்தது. தமிழ்நாடு 2013-ல் தன் திட்டத்தை ஏற்படுத்திற்று. அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம், அமில வீச்சுக்கு ஆளானவர்களுக்குக் குறைந்தது ரூ. 3 லட்சம் தரவேண்டுமென்றும், அதில் ரூ. 1 லட்சத்தைப் பதினைந்து நாட்களுக்குள் தரவேண்டுமென்றும் உத்தரவிட்டது. 2018-ல் பெண்களுக்கென்று தனித் திட்டம் வந்தது. 2024 ஜூலை முதல் புதிய நடைமுறைச் சட்டத்தின் 396-ம் பிரிவாக இந்த ஏற்பாடு நிலைத்திருக்கிறது. இப்படி வாசல் படிப்படியாக அகலமாகி வருகிறது. வாசல் அகலமானால் செலவும் ஏறும். இதை ஒளிப்பதில் பயனில்லை.

இனி, நம்மில் பலர் மனதில் எழும் ஆட்சேபங்களை ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

"கடன் குற்றவாளியுடையது, அவனே தீர்க்கட்டும்" என்பது முதல் ஆட்சேபம். இது மெய். களவு செய்தவன் பொருளைத் திரும்பக் கொடாமல் பாவமன்னிப்பை எதிர்பார்க்கலாகாது என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். சக்கேயு தான் வஞ்சித்ததற்கு நாலு மடங்கு தருவதாக ஆண்டவரிடம் ஒப்புக்கொண்டான். அடித்துப் படுக்கையில் தள்ளினவன், அடிபட்டவனின் வைத்தியச் செலவையும் வேலை கெட்ட நாட்களையும் ஈடு செய்யவேண்டுமென்று யாத்திராகமத்தில் மோயீசனின் சட்டமும் விதித்தது. ஆனால் குற்றவாளி அகப்படாவிட்டால்? அகப்பட்டும் அவனிடம் ஒரு காசும் இல்லாவிட்டால்? சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் கொத்தனார் ஒருவர் வழியில் குத்துண்டு இறந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குத்தினவன் யாரென்று தெரியவில்லை. திங்கட்கிழமை காலையில் அவர் மனைவி அடுப்பு மூட்டவேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவேண்டும். "கொலைகாரனைக் கண்டுபிடித்த பிறகு வா" என்று அந்த விதவைக்குச் சொல்வது நீதியாகுமா? நம் சட்டமே, குற்றவாளி இன்னாரென்று தெரியாதபோதும் பாதிக்கப்பட்டவர் மனுச் செய்யலாம் என்று வழிவிட்டிருக்கிறது.

உபாகமம் 21-ம் அதிகாரத்தில் ஒரு பழைய ஏற்பாடு காணப்படுகிறது. வயலில் கொலையுண்டவன் ஒருவன் கிடந்து, கொன்றவன் தெரியாதிருந்தால், சுற்றியுள்ள ஊர்களுக்குத் தூரம் அளப்பார்கள். மிக அருகிலுள்ள ஊரின் மூப்பர்கள் வந்து பலி கொடுத்து, அந்த இரத்தத்துக்குத் தாங்கள் காரணரல்லவென்று கை கழுவிச் சொல்லவேண்டும். அவர்கள் கொலை செய்யவில்லை. ஆயினும் தங்கள் எல்லையில் நடந்ததைப் பற்றித் தங்களுக்கு ஒன்றுமில்லையென்று வீட்டில் இருக்க அவர்களுக்கு அனுமதியில்லை.

நம் திருச்சபையின் வேதசாஸ்திரிகள் நீதியை வகைப்படுத்திக் காட்டியிருக்கிறார்கள். ஒருவனுக்கும் ஒருவனுக்கும் நடுவில் உள்ள கொடுக்கல் வாங்கலைச் சரிசெய்வது ஒன்று. சமூகம் தன் உறுப்பினருக்குப் பொதுப்பொருளையும் பாரத்தையும் தக்கபடி பங்கிடுவது மற்றொன்று. அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் இதை விளக்கமாய்ப் போதித்தார். கள்வன் திரும்பக் கொடுப்பது முதல் வகை. அரசாங்கம் கொடுப்பது இரண்டாம் வகை. அரசாங்கம் கொடுத்துவிட்டதால் கள்வனின் கடன் தீர்ந்துபோவதில்லை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் "அவன் கடனை நான் ஏன் கட்டவேண்டும்?" என்ற முணுமுணுப்பு எழுகிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பழிவாங்காதே, போலீசாரிடம் போ, நீதிமன்றத்தில் காத்திரு என்று நம்மைத் தடுப்பது அரசாங்கம். அது சரியே. அபராதமும் பெரும்பாலும் அரசாங்கத்தின் கஜானாவிலேயே சேருகிறது. சிறைப்பட்டவனுக்கு உணவும் உடையும் வைத்தியமும் பொதுப்பணத்திலிருந்து கிடைக்கின்றன. அதையும் நாம் குறை சொல்லலாகாது. சிறைப்பட்டவரைச் சந்திப்பது இரக்கத்தின் கிரியைகளில் ஒன்றாயிற்றே. ஆனால் அடித்தவனுக்குக் கஞ்சி வார்க்கிற கஜானா, அடிபட்டவனுக்குக் கட்டுத்துணி வாங்கத் தயங்கலாமா?

"மோசக்காரரும் தகுதியற்றவரும் நுழைந்துவிடுவார்கள்" என்பது இரண்டாம் ஆட்சேபம். இங்கே ஒரு பாடம் இருக்கிறது. இங்கிலாந்தின் திட்டத்தில் 1964 முதல், அடித்தவனோடு ஒரே கூரையின் கீழ் ஒரே குடும்பமாய் வாழ்ந்தவருக்கு ஈடு இல்லையென்று ஒரு விதி இருந்தது. மெய்ப்பிப்பது கடினம், கொடுத்த பணம் அடித்தவன் கையிலேயே போய்ச் சேரும் என்று காரணம் சொன்னார்கள். 1979-ல் விதியைத் திருத்தினார்கள். ஆனால் அதற்குப் பிறகு நேர்ந்த குற்றங்களுக்கு மாத்திரம். அதற்கு முன் தன் வீட்டுக்குள்ளேயே கொடுமைப்பட்ட குழந்தைக்குக் கதவு மூடியே கிடந்தது. கதவைத் திறந்தால் செலவு ஏறும் என்பதும் ஒரு வாதமாயிருந்தது. 2018-ல் நீதிமன்றம் அது அநியாயமென்று தீர்ப்புச் சொல்ல, 2019-ல்தான் அவ்விதி ஒழிந்தது. மோசக்காரனைத் தடுக்க வைத்த வேலி, ஓட வழியில்லாத குழந்தையை ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாய் வெளியே நிறுத்திற்று! வேலி வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வேலியும் யாரை வெளியே நிறுத்துகிறது என்று போய்ப் பார்க்கவேண்டும். சமாரித்தன், "கள்வர் திரியும் வழியில் தனியாய் ஏன் போனாய்?" என்று அந்த மனிதனைக் கேட்கவில்லை.

"பணம் எங்கே?" என்பது மூன்றாவது, இதுவே கனமான ஆட்சேபம். அமெரிக்காவில் 1984-ம் ஆண்டுச் சட்டம் ஒரு நல்ல உபாயம் செய்தது. வரிப்பணத்தைத் தொடாமல், மத்திய நீதிமன்றங்களில் தண்டனை பெறுவோரின் அபராதத்தைக் கொண்டே நிதி சேர்த்தார்கள். ஆயினும் பிற்காலத்தில் வரவு குறைந்து, 2021-ல் சட்டத்தைத் திருத்தி வேறு தொகைகளையும் அதில் சேர்க்க வேண்டியதாயிற்று. குற்றவாளியின் பணத்தை மட்டும் நம்பினால், காயங்கள் குறையாதிருக்கும்போதே நிதி குறைந்துவிடக் கூடும். ஆகவே பொதுப்பணம் ஓரளவு வேண்டியதே. ஆனால் பொதுப்பணத்துக்கு எல்லை உண்டு. ஒரு ரூபாய் இங்கே போனால் மருத்துவமனைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ அந்த ரூபாய் இல்லை. பட்டியலை மட்டும் நீட்டிவிட்டு நிதியை நீட்டாவிட்டால், எல்லோருக்கும் காகிதத்தில் உரிமையும் ஒருவருக்கும் கையில் காசும் இல்லாத நிலை வரும். அது இரக்கமன்று, ஏமாற்று.

ஆகையால் நம் முடிவு இது. அவசரத் தேவையும் ஆதரவின்மையும் முதலில் நிற்கட்டும்: சிகிச்சை, சம்பாதித்தவரை இழந்த குடும்பம், கொடுமைக்குள்ளான குழந்தை. பெயரையும் குலத்தையும் முன்நடத்தையையும் வைத்து வாசலை அடைக்கவேண்டாம். வசதியுள்ள குற்றவாளியிடமிருந்து கொடுத்ததை வசூலிக்கட்டும். கணக்கு ஒழுங்காயிருக்கட்டும். சமாரித்தனும் பணப்பையை அப்படியே விட்டுப் போகவில்லை. இரண்டு பணம் கொடுத்து, மீதியைத் திரும்பி வரும்போது தீர்ப்பதாகவே சொன்னான். தாராளமும் கணக்கும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இவ்வளவும் செய்தபின் வரி சற்று ஏறுமானால், அதை முணுமுணுக்காமல் கொடுப்பது நம் கடமை.

கடைசியாக ஒரு வார்த்தை. நம் பங்கில் எவருக்காவது இத்தகைய துன்பம் நேர்ந்தால், "என்ன நடந்தது?" என்று திண்ணையில் பேசிக் கலைவதோடு நில்லாதேயுங்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் இழப்பீட்டுக்கு மனுக் கொடுக்கலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். எழுதத் தெரிந்தவர் மனு எழுதிக் கொடுங்கள். நேரமுள்ளவர் துணைக்குப் போங்கள். அழுதுகொண்டிருக்கும் விதவை தனியாய் அலுவலகப் படி ஏறுவது எவ்வளவு கடினம்! எந்த அரசாங்கப் பணமும் அந்தத் துணையைக் கொடுக்க முடியாது. இறந்தவரின் உயிருக்கு விலையாகவும் முடியாது.

அடுத்த முறை அந்தச் சுவிசேஷம் பூசையில் வாசிக்கப்படும்போது, சத்திரக்காரன் கையில் வைத்த அந்த இரண்டு வெள்ளிப் பணத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். நீயும் போய் அப்படியே செய் என்று ஆண்டவர் கட்டளையிட்டது அதையும் சேர்த்துத்தான்.