இவ்வளவு தூரம் வந்துட்டு...

ஆஸ்திரேலியாவில் மகனோ மகளோ இருந்து மூன்று மாதம் போய்த் தங்குகிறவர்கள், ஆபரா ஹவுஸ் முன்னால் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் துணிச்சலான ஆசாமிகள் மங்கோ ஏரிக்குப் போய்வரலாம்.

ஏரி என்றதும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். தண்ணீர் வற்றி 15,000 வருஷங்களுக்கு மேல் ஆகிறது! நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், மில்டூரா என்ற ஊரிலிருந்து சுமார் 110 கிலோமீட்டரில் இருக்கிறது. வழியில் மண் ரோடு. மழை பெய்தால் மூடிவிடுவார்கள். டேங்க் நிறையப் பெட்ரோல், தண்ணீர், சாப்பாடு எல்லாம் கையோடு கொண்டுபோக வேண்டும்.

இந்த ஏற்பாடெல்லாம் சுலபம். மனசைத் தயார் பண்ணுவதுதான் கஷ்டம்.

1968-ல் ஜிம் பௌலர் என்ற புவியியல் அறிஞர் அந்த ஏரிக்கரை மணல்மேட்டில் எரிந்த எலும்புகளைப் பார்த்தார். ஒரு பெண்ணுடையவை. சுமார் 40,000 வருஷங்களுக்கு முன்னால் அவளைத் தகனம் செய்திருக்கிறார்கள். நமக்குத் தெரிந்த தகனங்களிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. 1974-ல், செங்காவி தூவிப் புதைக்கப்பட்ட ஒரு ஆணின் எலும்புக்கூடும் கிடைத்தது. இரண்டும் ஆராய்ச்சிக்காகக் கான்பெர்ரா போயின. 1981-ல் அந்த வறண்ட ஏரிகள் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

அந்த மண்ணின் பூர்வகுடிகள், ‘எங்க மூதாதையரைத் திருப்பிக் கொடுங்க’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1992-ல் அவள் திரும்பினாள். 2017-ல் அவன் திரும்பினான். 2022 மே மாதம் இருவரையும் அடையாளம் எதுவும் வைக்காமல் மறுபடி புதைத்துவிட்டார்கள்.

2003-ல் அதே பகுதியில் 20,000 வருஷத்துப் பழைய காலடித் தடங்கள் கிடைத்தன. பெரியவர்கள், குழந்தைகள் எல்லோரும் நடந்த தடம். அதையும் பாதுகாப்புக்காக மணல் போட்டு மூடியாயிற்று. நமக்குக் காட்டுவது அதன் நகலை. மணல்மேட்டில் ஏறலாமா? வழிகாட்டியோடு போனால்தான் உண்டு.

ஆக, எதற்காகப் போகிறோமோ அதெல்லாம் மண்ணுக்குள். உடனே நமக்குள்ளிருந்து ஒரு குரல் வரும்: ‘இவ்வளவு தூரம் வந்துட்டு, பார்க்காமப் போறதா?’

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். பெட்ரோலுக்குச் செலவழித்த பணத்தை அது சத்தமில்லாமல் உரிமையாக மாற்றிவிடுகிறது. தூரம் நம் சிரமம்தான். அது எப்படி அடுத்தவர் மேல் கடனாகும்?

‘உலகத்துக்கே சொந்தம்னு சொல்லிட்டு, காட்ட மாட்டேன்னா எப்படி சார்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மண்ணுக்குள் போன எலும்பிடம் நாளைய கருவிகள் எதையும் கேட்க முடியாது. ஆஸ்திரேலியாவில் மனிதன் எவ்வளவு காலமாக வாழ்கிறான் என்பதற்குச் சாட்சி சொன்னவையும் இதே எலும்புகள்தானே! மறுபடி புதைத்ததில் பூர்வகுடிகளுக்குள்ளேயே எல்லோருக்கும் சம்மதம் இல்லை.

ஆனால், அந்த வழக்கில் வாதியும் நாமில்லை, பிரதிவாதியும் நாமில்லை. மண்ணை மூடினால் விஞ்ஞானி இழப்பது ஒரு விடையை. மூடாவிட்டால் அந்த ஜனங்கள் இழப்பது தங்கள் பாட்டியின் நிம்மதியை. நாம் இழப்பது? ஒரு போட்டோ. மூன்றையும் ஒரே தராசில் வைப்பது எப்படிச் சரியாகும்?

உலகப் பாரம்பரியம் என்றால், எல்லோரும் சேர்ந்து காப்பாற்ற வேண்டியது என்று அர்த்தம். எல்லோரும் திறந்து பார்க்கலாம் என்று அல்ல.

அதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள். பூர்வகுடி வழிகாட்டி கிடைத்தால் முன்பதிவு செய்துகொண்டு, அவர் சொல்வதைக் கேட்டு நடங்கள். ‘போட்டோ வேண்டாம்’ என்றால் கேமராவைப் பைக்குள் வையுங்கள். காலுக்குக் கீழே யாரோ தூங்குகிறார்கள் என்று தெரிந்து நடப்பதும் ஒரு தரிசனம்தான்.

மில்டூராவில் மழை பிடித்துக்கொண்டால்? கையில் ஒரு நாள் கூடுதலாக வைத்திருங்கள். மறுநாளும் ரோடு திறக்கவில்லை என்றால் பேசாமல் திரும்பிவிடுங்கள். ‘யார் பார்க்கப்போறா’ என்று வண்டியை விட்டுவிட வேண்டாம். ஈரக் களிமண் ஒரு தடத்தை எத்தனை காலம் ஞாபகம் வைத்திருக்கும் என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.