சாமி முன்னால் காலித் துப்பாக்கி

ஆயுத பூஜைக்கு முதல் நாளே எங்கள் கம்பெனியில் டிரம் நின்றுவிடும். ராணிப்பேட்டைத் தோல் ஷெட்டுகளில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பெரிய மர டிரம் சுற்றும் சத்தம் நின்றதும் காது அடைத்த மாதிரி இருக்கும். தரையைக் கழுவி, டிரம்முக்கு மாலை போட்டு, தோல் சீவும் மிஷினிலிருந்து எடைத் தராசு வரைக்கும் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். முதலாளி மேல்விஷாரத்துக்காரர், முஸ்லிம். பூஜையில் நிற்கமாட்டார். ஆனால் பொரி, கடலை, இனிப்பு எல்லாம் அவர் செலவு. வாசல் காவலுக்கு இருந்த நான் என் இரட்டைக் குழல் துப்பாக்கியை அந்த வரிசையின் ஓரத்தில் வைப்பேன்.

மதராஸ் ரெஜிமென்டில் 22 வருஷம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பக்கத்தில் பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள் லைசென்ஸ் எடுத்துக் காவல் வேலைக்குப் போவது வழக்கம். 2019 நவம்பரில் ராணிப்பேட்டை தனி மாவட்டமானதற்கு முன்பு வேலூர் கலெக்டர் ஆபீசில் வாங்கிய லைசென்ஸ் என்னுடையது.

ஒரு வருஷம் காய்ச்சலால் பூஜைக்கு நேரம் கழித்துத்தான் போனேன். இரவுக் காவலுக்கு இருந்த அண்ணன், அவரும் பட்டாளத்துக்காரர், தன் துப்பாக்கியை வைத்திருந்தார். வேலை செய்யும் அம்மா ஒருவரின் பிள்ளை, ஐந்து வயதிருக்கும், குங்குமக் கிண்ணத்தோடு ஒவ்வொரு பொருளுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தது. துப்பாக்கியின் விசைப் பக்கம் அதன் விரல் போனது. நான் துப்பாக்கியை எடுத்து, குழலை மடக்கிப் பார்த்தேன். உள்ளே இரண்டு தோட்டா.

"என்னண்ணே இது?" என்றேன். கை நடுங்கியது.

அவர் பதறவில்லை. "சாமி முன்னாடி எதையும் வெறுமையா வைக்கக்கூடாது தம்பி. பர்ஸ வெச்சாலும் ஒரு ரூபா போட்டுத்தான வைக்கிறோம்?" என்றார்.

அன்று நான் பட்டாளத்துக்காரனாகத்தான் பதில் சொன்னேன், சத்தம் போட்டு. ஆனால் அவர் கேட்டது பக்திக் கேள்வி. அவர் அலட்சியக்காரர் அல்ல. நெற்றியில் நீறில்லாமல் வாசல் தாண்டாதவர். நிறைவாக வை என்பது நம் வழிபாட்டின் சாரம். நிறைகுடம், நிறைமரக்கால், நிறைநாழி. அப்படியிருக்க, துப்பாக்கி மட்டும் ஏன் காலியாக வர வேண்டும்? கொல்லும் பொருளைக் கும்பிடுவதே சரிதானா? இந்த இரண்டு கேள்வியும் என்னை வருஷக்கணக்கில் விடவில்லை.

எங்கள் ரெஜிமென்டின் போர் முழக்கம் "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்பது. 22 வருஷம் அதைத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். திருக்குறளில் 33ஆம் அதிகாரம் கொல்லாமை, 78ஆம் அதிகாரம் படைச்செருக்கு. இரண்டையும் எழுதியது ஒரே கை. இதில் முரண் இருக்கிறது என்று முன்பு நினைத்தேன். சோளிங்கர் சின்ன மலையில் 406 படி ஏறி ஆஞ்சநேயரைப் பார்த்தபோதுதான் தெளிவு வந்தது. யோகத்தில் அமர்ந்த கோலம், நான்கு கை. ஒன்றில் சங்கு, ஒன்றில் சக்கரம், இன்னொன்றில் ஜபமாலை. அந்தச் சக்கரம் அசுரர்களை அடக்க அவருக்குக் கொடுக்கப்பட்ட ஆயுதம் என்கிறது தலபுராணம். கொடுத்த வேலை முடிந்தது. ஆயுதம் கையில்தான் இருக்கிறது. அவரோ நாமத்தை எண்ணிக்கொண்டிருக்கிறார். நான் அங்கே கும்பிட்டது சக்கரத்தின் கூர்மையை அல்ல, அதைச் சுழற்றாமல் வைத்திருக்கும் கையை.

முதலாளியிடம் அந்தத் தோட்டா விஷயத்தைச் சொன்னேன். "பாய், இது உங்க இடத்துல நடந்தது, தெரியணும்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஹவில்தார், எங்க மார்க்கத்துல அமானிதம்னு சொல்லுவோம். நம்பி ஒப்படைச்ச பொருள். உங்க கையில இருக்கறது துப்பாக்கி இல்ல, ஊர்ல இருக்கறவங்க உசுரு" என்றார். பள்ளிவாசல் வழியாகவோ கடைத்தெரு வழியாகவோ அம்போடு போகிறவர் யாரையும் காயப்படுத்திவிடாதபடி முனையைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நபிகள் சொன்னதாகப் புகாரி தொகுப்பில் இருக்கிறதாம். விளையாட்டுக்குக்கூடச் சகோதரன் பக்கம் ஆயுதத்தை நீட்டக்கூடாது என்பதும் உண்டாம். துப்பாக்கி பிறப்பதற்குப் பல நூறு வருஷம் முன்பே குழல் வாய் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்ற விதி மார்க்கத்தில் இருந்திருக்கிறது!

சட்டமும் இதே இடத்துக்குத்தான் வருகிறது. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்படி 21 வயதுக்குக் கீழ் லைசென்ஸ் கிடையாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதற்கு முன் மூன்று. பொது இடத்தில் கொண்டுபோனால் உறையிலோ மூடிய பையிலோ இருக்க வேண்டும். தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குகிறோம். பொதுக் கூட்டத்திலோ, வழிபாட்டு இடத்திலோ, கல்யாணத்திலோ கொண்டாட்டமாகச் சுட்டு உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 வருஷம் வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். விசேஷ அனுமதி இல்லாமல் திருவிழாவுக்கோ, சாமி ஊர்வலத்துக்கோ, மக்கள் கூடும் இடத்துக்கோ துப்பாக்கியைக் கொண்டுபோகக்கூடாது என்பது லைசென்ஸ் நிபந்தனை. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு வாங்கியவன் நான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் அதை வரி வரியாகப் படித்தேன். கம்பெனிப் பூஜையில் துப்பாக்கி வைப்பதை அன்றோடு நிறுத்தினேன். இப்போது வீட்டுப் பூஜை அறையில் மட்டும்.

விதி என்றால் அரசாங்கத்தின் கெடுபிடி என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். வெள்ளைக்காரன் 1878இல் போட்ட ஆயுதச் சட்டம் அப்படிப்பட்டதுதான். அது ஒரு ஜனத்தையே நிராயுதபாணி ஆக்கியது. கொல்லாமையைப் போதித்த காந்தியே அதை ஆங்கிலேய ஆட்சியின் மிகக் கறுப்பான செயல் என்று எழுதினார். காரணம் எனக்குப் புரிகிறது. பிடுங்கப்பட்டவனின் சும்மா இருத்தல் அகிம்சை ஆகாது. கையில் வைத்திருப்பவன் அடக்கிக்கொள்வதுதான் அகிம்சை. ஆகவே துப்பாக்கி வைத்திருக்கும் என் போன்றவனுக்கு அந்த விதிகள்தான் விரதம்.

பட்டாளத்தில் சுடும் இடத்துக்குப் போகும்போதும் திரும்பும்போதும் 'ஜாஞ்ச் சஸ்த்ர்' என்று கட்டளை வரும். திறந்து காட்ட வேண்டும். காலிதான் என்று நமக்கு நூறு முறை தெரிந்திருந்தாலும் இன்னொருவர் கண்ணால் பார்க்க வேண்டும். எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரம்பியதாகவே நினை என்பது முதல் பாடம். மற்ற இடங்களில் நம்பிக்கை நற்குணம். இங்கே மட்டும் தன் நினைப்பை நம்பாமல் இருப்பதுதான் அறம். 'எனக்குத் தெரியும், இது காலி' என்று சொல்லும் ஆணவம்தான் பெற்ற பிள்ளையைச் சுட்டுவிடுகிறது.

2018 ஏப்ரலில் மாமல்லபுரம் சாலையில் திருவிடந்தையில் ராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்தது. நித்திய கல்யாணப் பெருமாள் கோயில் ஊர். பொதுமக்களை அனுமதித்த கடைசி நாள் ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு. மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். பீரங்கி, டாங்கி, துப்பாக்கி என்று பார்க்க அவ்வளவு கூட்டம். படம் எடுக்காத கை இல்லை. மனிதனுக்கு ஆயுதத்தின் மேல் இருக்கும் மயக்கம் பழையது, அதை ஒழிக்க முடியாது என்று அன்று தோன்றியது. குடகில் கொடவர்கள் கைல்போத் பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்து, பிறகு தேங்காயைக் குறிபார்த்துச் சுடுகிறார்கள். நடவுக் காலம் முழுக்க ஒதுக்கி வைத்த ஆயுதத்தை நடவு முடிந்த பிறகு எடுக்கும் நாள் அது. ஆயுதம் ஓய்ந்திருக்க ஒரு காலம் உண்டு என்பதை அந்த ஜனம் பண்டிகையாகவே வைத்திருக்கிறது.

அந்த அண்ணனுக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய பதில் எங்கள் டிரம்மிலேயே இருந்தது. ஆயுத பூஜை அன்று எந்தக் கருவியும் ஓடுவதில்லை. கத்தி வெட்டாது, தறி நெய்யாது, டிரம் சுற்றாது. வருஷம் முழுக்க உழைத்த பொருளுக்கு ஓய்வு கொடுத்து, ஓய்ந்த நிலையில்தான் அதைக் கும்பிடுகிறோம். தோட்டா போட்ட துப்பாக்கி ஓய்ந்திருக்கவில்லை. விரல் படக் காத்திருக்கிறது. அதற்குப் பொட்டு வைப்பது, சுற்றிக்கொண்டிருக்கும் டிரம்முக்கு மாலை போடக் கையை நீட்டுவது மாதிரி. பர்ஸின் நிறைவு பணம்; குடத்தின் நிறைவு தண்ணீர்; துப்பாக்கியின் நிறைவு, அதன் முன்னால் நிற்கும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்ற உறுதி. காலியாக்கினால்தான் அது நிறையும்.

அண்ணன் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. இதை அவரிடம் நேரில் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை. ஆகவே உங்களிடம் சொல்கிறேன். இந்த வருஷம் உங்கள் வீட்டுப் பூஜையில் துப்பாக்கி இருக்குமானால், முதலில் திறந்து தோட்டாவை எடுத்து வேறு அறையில் பூட்டுங்கள். வீட்டில் இன்னொருவரை அழைத்து, குழல் காலி என்று அவர் கண்ணாலும் பார்க்கச் சொல்லுங்கள். குழல் வாயைச் சுவர் பக்கம் திருப்பி வையுங்கள். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். பொட்டு அதற்குப் பிறகு.