சட்டைப்பையில் ஒரு கத்தி

அக்கா மகன் எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்திருக்கிறான். முதல் சம்பளம் வந்ததும் அவனுக்கு ஓர் ஆசை. பிரான்சில் செய்த மரப்பிடி மடக்குக் கத்தி, எட்டாம் நம்பர் ஓப்பினெல். "அந்தக் காசுக்கு நம்ம வீட்டுக்கு அஞ்சாறு கத்தி வாங்கலாம்னு அம்மா சொல்றாங்க. நீ இன்னா சொல்ற மாமா?" என்று கேட்டான்.

அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. திருவொற்றியூர் கடைத்தெருவில் வாங்கும் சாதாரணக் கத்தியே வெங்காயத்தையும் கத்திரிக்காயையும் நன்றாக நறுக்கும். சமையலறைக்கு என்றால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். அவன் கேட்டது சட்டைப்பையில் வைத்துக்கொள்ள.

எங்கள் அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க். சாவிக்கொத்தோடு ஒரு சின்ன மடக்குக் கத்தியும் எப்போதும் அவரிடம் இருக்கும். கோணி மூட்டையின் தையலைப் பிரிக்க, காப்பி பென்சிலைச் சீவ, பார்சல் கயிற்றை அறுக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குச் சாத்துக்குடி உரிக்க, எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். அந்தக் கத்தி அப்பாவுக்கு உதவியதைவிட அடுத்தவர்களுக்கு உதவியதுதான் அதிகம். கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலில் ஒரு கல்யாணம் என்றால், மாலைப் பொட்டலத்தின் நூலை அறுக்க வேண்டும், வாழைமரத்தைத் தூணில் கட்டிய கயிற்றின் நுனியை வெட்ட வேண்டும். "யார்கிட்டயாவது கத்தி இருக்கா?" என்று ஒரு குரல் கேட்கும். அப்பா எழுந்து போவார். இன்றைக்கும் அந்தக் குரல் கேட்கிறது. ஆளாளுக்குச் சாவியைத் தேடுகிறார்கள், பல்லால் கடிக்கிறார்கள், யாரோ ஒருவர் கற்பூரத்தைக் கொளுத்தி நைலான் கயிற்றைப் பொசுக்குகிறார். இத்தனை பேர் கூடிய இடத்தில் ஒருவரிடமும் ஒரு வெட்டும் கருவி இல்லை என்பது எனக்கு ஒரு குறையாகவே படுகிறது. கைக்கருவி ஒன்றைச் சுமப்பவன் நாலு பேருக்குப் பயன்பட ஆயத்தமாக இருக்கிறான். மடக்குக் கத்தி வாங்குவதற்கு நான் மதிக்கும் முதல் காரணம் அதுதான்.

அந்த ஓப்பினெல்லின் கதையும் நல்ல கதை. ஆல்ப்ஸ் மலையடிவாரத்து சவோய் பகுதியில், விவசாயக் கருவிகள் அடிக்கும் கொல்லுப்பட்டறைக் குடும்பத்தில் பிறந்த ஜோசப் ஓப்பினெல் 1890இல் செய்தது. குடியானவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் வாங்குவதற்காகச் செய்த கத்தி. பீச் மரப்பிடி, தகடு, ஒரு ஆணி, கழுத்தில் ஒரு வளையம் என்று நாலே உறுப்புகள். 1955இல் மார்செல் ஓப்பினெல் ஐந்தாவதாக ஒரு சுழல் வளையத்தைச் சேர்த்தார். அதைத் திருகினால் விரித்த தகடு மடங்காது. எலக்ட்ரீஷியனுக்கு இது பெரிய விஷயம். வயரின் மேலுறையை அழுத்திச் சீவும்போது பூட்டில்லாத கத்தி சட்டென்று விரலின் மேல் மடங்கிவிடும். எட்டாம் நம்பரின் தகடு 8.5 சென்டிமீட்டர் நீளம். மெல்லிய தகடு என்பதால் வெட்டும் பொருளைப் பிளக்காமல் சீராக இறங்கும். பகட்டில்லாத இப்படியொரு பொருள் நூறு வருஷத்துக்கு மேலாகப் பெரிய மாற்றமில்லாமல் விற்கிறது என்றால், அதைச் செய்தவர்கள் போதும் என்ற இடத்தில் நிறுத்தத் தெரிந்தவர்கள்.

ஆனாலும் எல்லாருக்கும் இது உகந்ததில்லை. காசிமேட்டில் வலை பழுது பார்ப்பவர்களின் கையைக் கவனித்திருக்கிறேன். அவர்களுக்கு மடக்குக் கத்தி தேவையில்லை. பிடியில் நூல் சுற்றிய நேர்க்கத்திதான் வைத்திருப்பார்கள். காரணம் கடல். மடக்குக் கத்தியின் பலவீனம் அதன் கீல். உப்புத் தண்ணீரும் மீன் செதிலும் மணலும் போய் அடைகிற இடம் அது. போதாததற்கு மரப்பிடி நனைந்தால் ஊதி, தகட்டை உள்ளேயே இறுக்கிக்கொள்ளும். ஈரக்கையோடு அவசரத்தில் வலையை அறுக்க வேண்டியவனுக்கு விரிக்க முடியாத கத்தியால் என்ன பயன்? கடலுக்குப் போகிறவன் ஓப்பினெல் வாங்குவது வீண் செலவு என்பது என் தீர்மானமான கருத்து.

கரையில் இருக்கும் நமக்கும் கடல் தொலைவில் இல்லை. காலடிப்பேட்டையில் ஜன்னல் கம்பியும் சைக்கிள் செயினும் எப்படித் துருப்பிடிக்கின்றன என்று பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓப்பினெல்லில் இரண்டு வகை எஃகு உண்டு. கார்பன் எஃகு எளிதில் கூர்பெறும், கல்லில் தீட்டச் சுகமாக இருக்கும், ஆனால் எலுமிச்சம்பழத்தை வெட்டித் துடைக்காமல் வைத்தால் கறுத்துவிடும், உப்புக்காற்றில் விட்டால் துரு ஏறும். இனாக்ஸ் என்று பொறித்தது குரோமியம் கலந்த துருவேறா எஃகு. கத்திப் பிரியர்கள் கார்பனைத்தான் புகழ்வார்கள். நம் ஊர்க் காற்றுக்கு இனாக்ஸ்தான் சரி என்று அவனிடம் சொன்னேன்.

கூடவே ஒரு சாணைக்கல்லும் வாங்கச் சொன்னேன். கல்லின் விலையையும் கணக்கில் சேர்க்காதவன் கத்தி வாங்கவே கூடாது. சைக்கிளில் சாணைச் சக்கரம் பூட்டித் தெருவில் வருபவர்கள் குறைந்துவிட்டார்கள். வந்தாலும், பொறி பறக்க அழுத்தித் தீட்டினால் விளிம்பு சூடேறி நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் எஃகின் பதம் போய்விடும், அப்புறம் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. அரிவாளுக்குத் தாங்கும், இவ்வளவு மெல்லிய தகட்டுக்குத் தாங்காது. வீட்டிலேயே ஈரக்கல்லில், பக்கத்துக்கு ஏறத்தாழ 20 டிகிரி சாய்த்து, நிதானமாகத் தீட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். கீலுக்குத் தேங்காயெண்ணெய் விடக் கூடாது, நாளானால் பிசுபிசுத்துவிடும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

பராமரிப்பைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. வாழ்நாள் முழுவதும் வரும் பொருள் என்று கடைக்காரர்கள் சொல்லி விற்கிறார்கள். வாங்குகிறவனும் அதற்கு வாழ்நாள் முழுவதும் வேலை செய்தால்தான் அது வரும். மொக்கையாகிப் போன விலையுயர்ந்த கத்தி, மொக்கையாகிப் போன மலிவுக் கத்தியைவிட எந்த விதத்திலும் மேலானதில்லை. வாரம் பத்து நிமிஷம் ஒரு பொருளுக்குத் தர மனமிருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருக்கிறவனுக்கு அந்தப் பத்து நிமிஷமும் லாபம். கண்ணும் கையும் ஒன்றாக ஈடுபடும் வேலை இன்று நம் வீடுகளில் வேறென்ன மிச்சமிருக்கிறது?

அந்நியப் பொருள்தானே என்ற ஒரு குரலும் வீட்டில் எழுந்தது. ஆனால் நல்ல எஃகின் கதையில் நம் கரைக்கும் பங்குண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், சேலத்து இரும்புத் தாதுவை நம்பி 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். பிறகு இங்கிலாந்துக்குப் போய், உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். அதனால் ஷெஃபீல்டு கத்திக்காரர்களுக்கு நல்ல எஃகு மலிவாகக் கிடைத்தது. சாமானியன் பையில் ஷெஃபீல்டு கத்தி இருக்க வழி செய்தவர்களில் அவரும் ஒருவர். அவருக்கோ முறையைச் சற்று மாற்றிக் கையாண்டவர்களோடு வழக்காடுவதிலேயே காலம் கழிந்தது. 1851இல் ஏழையாக இறந்தார். அந்நியர் பங்கு என்று பார்த்தால், எங்கள் காலடிப்பேட்டையையே 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் காலத்தில் நெசவாளர்களுக்காக அமைத்தார்கள். இறகுப் பேனாவைச் சீவச் சின்னக் கத்தி வைத்திருந்த எழுத்தர்களின் காலம் அது.

இதுவரை சொன்னதெல்லாம் எளிய பகுதி. கத்தி வந்து சேர்ந்த பிறகுதான் அக்காவின் உண்மையான பயம் வெளிவந்தது. "வூட்லயே வச்சிட்டுப் போடா. ராத்திரி ஷிப்டு முடிஞ்சு வர்றப்ப போலீஸ் புடிச்சா இன்னா சொல்லுவ?"

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆயுத விதிகளின்படி கட்டுப்பாடு வருவது, தகடு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளுக்கு. அவற்றிலும் வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. ஓப்பினெல்லின் தகடு நாலு அங்குலம்கூட இல்லை. ஆனால் இரவு பதினொரு மணிக்குப் பையைத் துழாவும் கை அளவுநாடா கொண்டு வருவதில்லை. வடசென்னைப் பையன், பையில் கத்தி. இந்த இரண்டையும் சேர்த்தால் என்ன படம் எழும் என்பதைச் சினிமா பல வருஷமாக எல்லார் மனத்திலும் எழுதி வைத்திருக்கிறது. இங்கே வலை பின்னுகிறவர்களும் டயர் தொழிலாளிகளும் வெல்டர்களும் எலக்ட்ரீஷியன்களும் வாழ்கிறார்கள், வெட்டும் கருவி அவர்களுடைய பிழைப்பு என்பது அந்தப் படத்தில் வருவதே இல்லை.

உத்தரப் பிரதேசத்து ராம்பூருக்கும் இதுதான் நடந்தது. அங்கே மடக்குக் கத்தி செய்வது தலைமுறைத் தொழில். இந்திப் பட வில்லன்கள் அதை விரித்துக் காட்டிக் காட்டியே ராம்பூரி என்றால் ரவுடியின் கத்தி என்றாகிவிட்டது. தொழில் தேய்ந்தது. 2023இல் ஊர்ச் சந்திப்பில் பிரம்மாண்டமான கத்திச் சிற்பம் வைத்தார்கள், பட்டறைகள் பழையபடி பெருகவில்லை. பயம் ஐரோப்பாவையும் விட்டுவைக்கவில்லை. 1891இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கிய விக்டோரினாக்ஸ், 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் விமான நிலைய விற்பனையை இழந்து தவித்தது. 2024இல் தகடே இல்லாத கைக்கருவிகளை உருவாக்குவதாக அறிவித்தது.

கத்தியை மடிப்பதன் நோக்கத்தை யோசித்துப் பார்க்கிறேன். மனிதர்களுக்கு நடுவே கூர்மையைக் கொண்டு போவதற்கு ஒருவன் கடைப்பிடிக்கும் மரியாதை அது. விரித்து நீட்டுபவனையும் மடித்து வைத்து வேலைக்கு மட்டும் எடுப்பவனையும் ஒரே தட்டில் நிறுத்துவது அநியாயம். சவோயில் ஒரு பையனுக்குத் தாத்தா கத்தி பரிசளித்தால் பெரியவனாகிவிட்டான் என்று குடும்பம் மகிழ்கிறது. அதே கத்தி எங்கள் தெருப் பையனிடம் இருந்தால் வழக்காகிவிடுமோ என்று தாய் நடுங்குகிறாள்.

பகலில் டூல் பையில், டெஸ்டரோடும் இன்சுலேஷன் டேப்போடும் சேர்த்துக் கொண்டு போ, தொழிற்சாலை அடையாள அட்டையும் அதே பையில் இருக்கட்டும் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். இரவு ஷிப்டு நாட்களில் தொழிற்சாலை லாக்கரிலேயே வைத்துவிட்டு வரட்டும் என்று அக்கா சொன்னபோது நானும் சரி என்றேன். பயத்தால் சொன்ன சரி அது. எதற்காக நான் அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது என்று அவன் கேட்டான். இந்த வட்டாரத்தைப் பற்றிக் கதை எழுதுகிறவர்களும் இங்கே ரோந்து வருகிறவர்களும் அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.