ஆகட்டும்

கும்பிட்டுப் பழகிய கையை நீட்டிக் குலுக்கினால் மனிதனுடைய மானத்தில் எவ்வளவு குறைந்துவிடும்? காஞ்சிபுரத்துப் பட்டு வியாபாரி ஜப்பானுக்குப் புறப்பட்டால் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தக் கவலைதான். அங்கே போய் எப்படிக் குனிவானோ, எதைத் தின்பானோ, யார் கொடுத்த கோப்பையை வாயில் வைப்பானோ! எனக்கு அந்தக் கவலை இல்லை. ஜப்பானியர் தம் பெயர்ச் சீட்டை இரண்டு கைகளாலும் நீட்டுகிறார்கள். தாம்பூலத்தை இரண்டு கைகளாலும் வாங்கிப் பழகியவனுக்கு அதில் என்ன சிரமம்? நான்கு என்ற எண்ணின் ஒலி அவர்களுக்குச் சாவை நினைவூட்டுமாம்; நான்காகப் பரிசு கொடுக்க மாட்டார்கள். நூற்றொரு ரூபாய் மொய் எழுதுகிற நாம் இதைக் கேட்டுச் சிரிக்கலாமா? மரியாதையும் ஒரு பாஷைதான். அடுத்தவன் பாஷையில் பேசுவது பொய்யாகாது. ஆனால் நாம் பேசியது அவன் ஏட்டில் எப்படி எழுதப்படுகிறது என்பதில்தான் சங்கடம்.

காஞ்சிக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. கைலாசநாதர் கோயிலைக் கட்டிய இராஜசிம்ம பல்லவன் தன் பட்டப்பெயர்களை அங்கே இருநூறுக்கும் மேல் வெட்டி வைத்தவன். 720-ஆம் ஆண்டில் அவன் சீனத்துக்குத் தூது அனுப்பி, சீனப் பேரரசின் பொருட்டுத் தான் எழுப்பிய ஓர் ஆலயத்துக்குப் பெயர் சூட்டித் தரும்படி கேட்டான் என்று சீனர் எழுதி வைத்திருக்கிறார்கள். இத்தனை பெயர் வைத்திருந்தவன் இன்னொருவரிடம் பெயர் கேட்டானே! நட்பு நாடுகிறவரை உபசரிக்க இது நல்ல வழி என்று காஞ்சியில் நினைத்திருக்கலாம். சீனப் பேரரசர் அனுப்பிய பெயருக்கு, 'நன்னெறிக்குத் திரும்பச் செய்வது' என்று பொருள். எந்த நெறியை விட்டு நாம் போயிருந்தோம், திரும்புவதற்கு? தூரத்து மன்னர் அனுப்பும் பரிசைக் கப்பம் என்று எழுதுவது அந்த அரண்மனையின் வழக்கம். இங்கே உபசாரமாகப் புறப்பட்டது அங்கே பணிவாகப் போய் இறங்கியது.

பல்லவனுக்கு அதனால் நஷ்டமில்லை. நெசவாளிக்கு உண்டு.

முகத்துக்கு நேரே 'இல்லை' என்பது நம்மிடம் மரியாதைக் குறைவு. காந்தி ரோட்டுப் பட்டுக் கடையில் ஐம்பது புடைவைகளைப் பிரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "வீட்டில் கலந்துகொண்டு வருகிறோம்" என்று எழுந்திருப்பவர்களைக் கடைக்காரர் சிரித்த முகத்தோடு வழியனுப்புகிறார். வரமாட்டார்கள் என்று இரு தரப்புக்கும் தெரியும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஜப்பானியரும் இதில் நமக்குச் சளைத்தவர்களல்லர். 'ஹை' என்று அவர்கள் சொன்னால், பல சமயம் 'காதில் விழுந்தது' என்பதற்கு மேல் பொருளில்லை. 'யோசித்துப் பார்க்கிறோம்' என்றால் பெரும்பாலும் இல்லை என்றே அர்த்தம். இப்படி இரண்டு மரியாதைக்காரர்கள் எதிரெதிரே உட்காருகிறார்கள். அவர்களுடைய 'ஹை'யை நம்பி நம்மவர் நூல் வாங்கிவிடுவார். அவர்கள் கேட்ட தேதிக்கு, "ஆகட்டும்" என்று தலையையும் ஆட்டிவிடுவார். அதை அவர்கள் ஒப்பந்தமாகக் குறித்துக்கொள்வார்கள்.

பொய் சொல்ல அவர் நினைக்கவில்லை, மெய்தான். ஆனாலும் அவரை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த 'ஆகட்டு'மின் பாரத்தைச் சுமக்கிறவர் அந்த அறையிலேயே இல்லை. பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் உட்கார்ந்திருக்கிறார். கோர்வைத் துணியில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஓர் ஆளால் ஆகிற காரியமல்ல. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு நாடாவைத் தள்ளித் தரவேண்டும். எத்தனையோ வீடுகளில் அது மனைவி. டோக்கியோவில் ஒருவர் ஆட்டிய தலைக்காக இங்கே இரண்டு பேர் தூக்கத்தை விடவேண்டியிருக்கிறது. அப்படியும் துணி குறித்த நாளில் முடியாவிட்டால் கூலியில் பிடித்தம் வேறு.

"வெளிநாட்டுக்காரர் முன்னால் முடியாது என்று எப்படி ஐயா சொல்வது? ஊர் மானம் போகாதா?" என்று கேட்பார்கள். குனிந்தபோது போகாத மானம், இருபது நாளை நாற்பது நாள் என்று சொன்னால் மட்டும் போய்விடுமா? அவர்கள் முறைப்படியே தாராளமாகக் குனியட்டும். புறப்படுமுன் ஒரு சாயங்காலம் பிள்ளையார்பாளையத்துக்குப் போய், எத்தனை நாள் ஆகும் என்று தறிக்காரரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு போகட்டும். அந்த அம்மாளிடமும் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.