மேலே ஏற்றுவது யார்?

ஒரு படகு மேலே ஏறணும்னா யாரோ எதையோ கொடுத்தாகணும். கால்வாய்களில் இருக்கும் லாக் இதை வெளிப்படையாகவே காட்டிவிடுகிறது. இரண்டு கதவுகள், நடுவில் ஒரு தொட்டி. கீழே இருந்து படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவை மூடிவிடுவார்கள். மேல்மட்டத்துத் தண்ணீர் மதகு வழியாக இறங்கித் தொட்டியை நிரப்பும். படகு தானாக உயரும். யாரும் தள்ளுவதில்லை, தூக்குவதில்லை. மேலே இருப்பது கொஞ்சம் இழக்கிறது, கீழே இருப்பது எழுகிறது. படிக்கும்போது இதை எந்திரவியலாகத்தான் பார்த்தேன். இப்போது ஒரு அறக்கேள்வியாகவும் தெரிகிறது.

நான் வேலை பார்ப்பது கொடைக்கானலில் இருந்து, லேப்டாப்பில். இங்கே லாக் கிடையாது. 1863இல் மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் ஓடையை மறித்துக் கட்டிய ஏரிதான் உண்டு. அதில் படகு சுற்றிச் சுற்றி வரும், ஏறாது. ஏறியது மனிதர்கள்தான். 1845இல் அமெரிக்க மிஷனரிகள் இங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். மோட்டார் சாலை வரும்வரை துரைமார்களும் அவர்கள் குடும்பங்களும் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து நாற்காலியிலும் டோலியிலும் கூலியாட்களின் தோளில்தான் வந்தார்கள். அந்தப் பாதைக்கே 'கூலி காட்' என்று பெயர். லாக்கில் மேலே இருப்பது இறங்கிக் கீழே இருப்பதை ஏற்றுகிறது. மலையில் கீழே இருந்தவன் தோள் கொடுத்து, மேலே இருக்க வேண்டியவரை ஏற்றினான்.

அப்படியானால் லாக் நியாயமான எந்திரமா? கொஞ்சம் பொறுங்கள். சென்னையிலிருந்து எண்ணூர் வரை 1806இல் வெட்டப்பட்ட காக்ரேன் கால்வாய்தான் பின்னால் வளர்ந்து பக்கிங்காம் கால்வாய் ஆனது. உப்பும் விறகும் நெல்லும் அதில் போயின. தண்ணீர் மட்டத்தைக் காக்க அதிலும் லாக்குகள் இருந்தன. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டு, தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877-78இல், நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. கால்வாய்க்குக் கிடைத்த பெயர் அன்றைய கவர்னர் பக்கிங்காம் கோமகனுடையது. வெட்டியவர்கள் யாருடைய பெயரும் அதில் இல்லை.

1877 ஜனவரியில் ரிச்சர்ட் டெம்பிள் சென்னை மாகாண நிவாரணக் கூலியைக் குறைத்தார். ஆண் ஒருவருக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூடவே ஓர் அணா. சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் இது உடம்புக்குப் போதாது என்று எதிர்த்தார். சில மாதங்களில் கூலி ஏற்றப்பட்டது. அதற்குள் பலருடைய உடம்பு கணக்கைத் தீர்த்துவிட்டது.

'அந்த வேலையும் இல்லேன்னா அவங்க செத்திருப்பாங்களே' என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் பசியில் இருப்பவன் தலையாட்டுவது சம்மதம் ஆகாது. வேறு வழி இல்லாதவனிடம் விலையைத் தீர்மானிக்கிறவன், அந்த விலைக்கு மட்டுமல்ல, 'வேறு வழி இல்லை' என்ற நிலைமைக்கும் கொஞ்சம் பொறுப்பாளி.

சாஃப்ட்வேரில் ஒரு நல்ல பழக்கம் உண்டு: உள்ளே நடப்பதை மறைத்து, பொத்தானை மட்டும் காட்டு. வசதிதான். ஒழுக்கத்தில் அதுவே ஆபத்து. தண்ணீர் தானாக உயர்கிறது, பார்சல் தானாக வாசலுக்கு வருகிறது. 'தானாக' என்ற சொல்லுக்கு அடியில் எப்போதும் ஒரு ஆள் இருக்கிறார்.

பழைய கால்வாயை வெறுக்கச் சொல்லவில்லை. அதை வெட்டியவர்களுக்கு இனி கூலி கொடுக்கவும் முடியாது. ஆனால் அதே இடத்தில் இன்று நிற்பவருக்குக் கொடுக்கலாம். கொடைக்கானலுக்கு அருகில் இருக்கும் வெள்ளகெவி, நீண்ட காலம் வண்டிச்சாலை இல்லாமல் கிடந்த ஊர். அங்கே நோயாளியை டோலி கட்டித் தூக்கி வருவது பழங்கதை ஆகிவிடவில்லை. டோலி அதேதான், துரைமார் மட்டும் இல்லை. கடன் என்றால் எனக்கு இதுதான்: மேலே இருப்பவர்கள் கொஞ்சம் இறங்கிக் கொடுக்க வேண்டிய தண்ணீர். அது கருணை இல்லை. லாக் அப்படித்தான் வேலை செய்யும்.