ஹென்றியோடு உட்கார்ந்து பார்ப்பது

ஜான் மெக்நாட்டனின் 'ஹென்றி: போர்ட்ரெய்ட் ஆஃப் எ சீரியல் கில்லர்' படத்தைப் பாருங்கள் என்று யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஆனால் கொலைகாரர்களைப் பற்றி இவ்வளவு நேர்மையான வேறொரு படத்தை நான் பார்த்ததுமில்லை.

1985இல் சிகாகோவில், சுமார் 1,10,000 டாலர் செலவில், 16 எம்.எம். ஃபிலிமில் எடுத்தார்கள். கையில் காசில்லாததே படத்துக்குப் பலமாகிவிட்டது. பெரிய படங்களில் கொலைகாரன் மேதாவியாக வருவான். ஒளியும் இசையும் அவனுக்கு ஆரத்தி எடுக்கும். மைக்கேல் ரூக்கரின் ஹென்றியோ பூச்சிமருந்து அடித்துப் பிழைப்பவன். அழுக்கான சமையலறையில் சீட்டாடுகிறான். அம்மாவைக் கொன்ற கதையை, தன் கூட்டாளி ஓட்டிஸின் சகோதரி பெக்கியிடம் சொல்லும்போது முதலில் கத்தி என்கிறான், சற்று நேரத்தில் துப்பாக்கி என்கிறான். ஒருவன் எப்படி இப்படி ஆனான் என்று தெரிந்துகொள்ளத்தானே இத்தகைய படங்களைத் தேடிப் போகிறோம்? அந்த ஆசைக்கு இங்கே பிடிகொடுக்கும் பதில் கிடையாது.

ஒரு குடும்பத்தையே கொல்லும் காட்சி வருகிறது. கேம்கார்டரில் பதிவான, நிறம் மங்கிய, கோணம் சாய்ந்த படமாகத்தான் அதைக் காண்கிறோம். பிறகுதான் புரிகிறது: ஹென்றியும் ஓட்டிஸும் வீட்டு சோபாவில் உட்கார்ந்து அதே டேப்பைத்தான் டிவியில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாமும் அவர்களோடு சேர்ந்து பார்த்திருக்கிறோம். ஓட்டிஸ் டேப்பைப் பின்னுக்கு ஓட்டி மறுபடி போடுகிறான், இந்த முறை மெதுவாக. என் ரசனைமீதே எனக்குக் கூச்சம் வந்த இடம் அது. கொலையைக் காட்டும் எந்தப் படத்தைப் பார்த்தாலும் இப்போது எனக்கு அந்த சோபா நினைவுக்கு வருகிறது. வரட்டும் என்றே நினைக்கிறேன்.

'எக்ஸ்' தரச்சான்று கொடுக்கப்பட்டதால் படம் பரவலாகத் திரைக்கு வர 1990 ஆனது. ஆனால் என் உறுத்தல் ரத்தத்தைப் பற்றியதல்ல. கதைக்குத் தூண்டுதலாக இருந்த ஹென்றி லீ லூக்காஸ் நூற்றுக்கணக்கான கொலைகளை ஒப்புக்கொண்டவர்; அவற்றில் பெரும்பாலானவை பொய் என்று பின்னர் தெரிந்தது. அந்தப் பொய்களை நம்பிக் காவல்துறை வழக்குகளை முடித்துவைத்தபோது, உண்மையில் கொன்றவர்கள் தப்பினார்கள்.

லூக்காஸுக்கு மரண தண்டனை வாங்கித் தந்த வழக்கில் இறந்தவர், 1979இல் டெக்சாஸ் நெடுஞ்சாலை ஓரம் கண்டெடுக்கப்பட்ட ஓர் இளம்பெண். உடலில் இருந்தது ஆரஞ்சு நிறக் காலுறை மட்டும்; அதையே அவருக்குப் பெயராக்கிவிட்டார்கள். அந்தக் கொலையை லூக்காஸ் செய்தாரா என்பதில் எழுந்த சந்தேகத்தால் 1998இல் தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. அந்தப் பெண்ணின் சொந்தப் பெயர் தெரியவந்ததோ 2019இல். லூக்காஸின் பெயருக்கு அதற்குள் எத்தனை புத்தகங்கள், எத்தனை படங்கள்! இது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. மெக்நாட்டனின் படத்தைப் பற்றி யார் கேட்டாலும் அந்தப் பெண்ணைப் பற்றியும் சேர்த்தே சொல்கிறேன்.