திரியாத பால்

பலர் கையில் இப்போது காபி டம்ளர் இருக்கும். ஒரு சின்னக் கேள்வி. அந்தக் காபி வேறு மாதிரி எப்படி இருந்திருக்கலாம்?

டிகாக்‌ஷன் இன்னும் கெட்டியாக. சூடு கொஞ்சம் கூட. சர்க்கரை அரை ஸ்பூன் தூக்கலாக. இப்படித்தானே தோன்றியது? பால் திரிந்திருக்கலாமே என்று யாருக்காவது பட்டதா? நான் கேட்டது ‘வேறு மாதிரி’ என்றுதான். ‘இன்னும் நன்றாக’ என்று கேட்கவே இல்லை.

ஆடம் மாஸ்ட்ரோயானி, ஈத்தன் லுட்வின்-பியரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2022-இல் ஏறக்குறைய இதையே செல்போன் போன்ற அன்றாட விஷயங்களைக் காட்டிக் கேட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலான பதில்கள் ஒரே பக்கம் சாய்ந்தன: இன்னும் நன்றாக இருக்கலாம். போலந்துக்காரர்களிடமும் அதே சாய்வு, சீன மொழியில் கேட்டபோதும் அதே சாய்வு. ஆகவே, தினமும் சாம்பாரில் குறை சொல்லும் மாமனாரைக் கோபிக்காதீர்கள். மனசின் வார்ப்பே அப்படி. (மாமனார்கள் இதைச் சாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

ஆனால் கற்பனை கீழே இறங்கும் இடமும் ஒன்று உண்டு. வேறோர் ஆய்வில், 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர்களின் முகங்களை வீடியோவில் பார்த்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். வெண்கலம் வாங்கியவர்கள் வெள்ளி வாங்கியவர்களைவிட மகிழ்ச்சியாகத் தெரிந்தார்கள். வெள்ளிக்காரர் கண்ணில் கைநழுவிய தங்கம். வெண்கலக்காரருக்கோ நான்காம் இடம் முதுகை உரசிக்கொண்டு போயிருக்கிறது.

அந்த நான்காம் இடம் எப்படி இருக்கும் என்று பி.டி.உஷாவுக்குத் தெரியும். 1984, லாஸ் ஏஞ்சலஸ், 400 மீட்டர் தடை ஓட்டம். வெண்கலம் 55.41 வினாடி. உஷா 55.42. கோட்டருகே நெஞ்சை ஒரு விரற்கடை முன்னே தள்ளியிருந்தால்? நாற்பது ஆண்டுகளாக நாமே அதை மனசுக்குள் தள்ளிக்கொண்டிருக்கிறோம்.

பள்ளம் காலை உரசினால்தான் கீழே பார்க்கிறோம் போலும். நேற்றிரவு எங்கள் வீட்டில் பால் பாக்கெட்டை ஃபிரிட்ஜில் வைக்க மறந்துவிட்டோம். காலையில் அடுப்பில் வைத்துவிட்டு, நானும் மனைவியும் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஓரத்தில் நுரை கட்டியது; பொங்கியது; திரியவில்லை. காபியில் சர்க்கரை குறைவுதான். இருவரும் ஒன்றும் சொல்லாமல் குடித்தோம்.